பெருங்குடல் யாருக்கும் வேண்டாம்

எங்கள் புற்றுநோய் உயிரியல் துறையில் பத்து விஞ்ஞானிகள். வேலையில் சேரும் நாளன்றே படிவத்தில் 'ஆராய்ச்சி ஆர்வம்' என்ற கட்டத்தில் ஓர் உறுப்பை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். "கல்லீரல் இன்னிக்கு லீவா?", "தோல் சாருக்கு டீ சொல்லியாச்சா?" என்றுதான் பேச்சு. நான் கணையம். துறைத் தலைவர் இதயம். இதயத்தில் புற்றுநோய் வருவது அபூர்வம் என்பதால் அவருக்கு நிர்வாகத்துக்கு நிறைய நேரம் இருந்தது. பெருங்குடல் மட்டும் காலியாகவே கிடந்தது. வாழ்நாள் முழுக்க அப்படிக் கூப்பிடப்பட யார் சம்மதிப்பார்கள்?

எங்கள் வேலை எளிமையானது. யாரோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எப்போதோ எடுத்த செல்களைக் குடுவையில் ஊட்டி வளர்த்து, மருந்தை ஊற்றிப் பார்ப்போம். செல்கள் அடிக்கடி செத்துப்போகும். புதிதாக வரவழைக்கப் பதினோரு கையெழுத்து வேண்டும். பக்கத்து அறையில் கேட்டால் ஒரு குடுவை உடனே கிடைக்கும், காபிப் பொடி இரவல் வாங்குவது மாதிரி. நம் செல் வந்து சேரும்வரைக்கும் என்று சொல்லித்தான் வாங்குவோம், நம் உறுப்பின் பெயரை ஒட்டிக்கொள்வோம். நம் செல் வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

நுரையீரல் மேடம் சேர்ந்து இரண்டு வருடம் முடியப்போகிறது. வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம். ஓய்வுபெற்ற பழைய நுரையீரலின் குடுவைகள் அவருக்கு வந்திருந்தன. அந்தச் செல்களை ஒரு மருந்து கொத்துக் கொத்தாகக் கொன்றது. பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் அதைக் கேள்விப்பட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நுரையீரல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார். அப்போதுதான் மேடம் எங்கள் துறையில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். செல்கள் எந்த உறுப்பைச் சேர்ந்தவை என்று வெளியே சோதனைக்கு அனுப்பினார்.

பெருங்குடல் என்று பதில் வந்தது. சந்தேகப்பட்டுப் பத்து அறைக் குடுவைகளிலிருந்தும் எடுத்து அனுப்பினார். பத்தும் பெருங்குடல். அதுவும் ஒரே ஆளுடையது.

மேடம் தலைவரின் அறைக்கு ஓடினார்.

"சார், டாக்டருக்கு உடனே கடிதம் போகணும். நீங்க கையெழுத்துப் போடணும்."

"என்னன்னு?"

"இது நுரையீரல் இல்ல, பெருங்குடல்னு."

"குடுவையில என்ன எழுதியிருக்கு?"

"நுரையீரல்னுதான் எழுதியிருக்கு."

"எத்தனை வருஷமா?"

"பதினெட்டு வருஷமா."

"பதினெட்டு வருஷமா எழுதியிருக்கறது ரெண்டு நாள் சோதனையில மாறிடுமா மேடம்?"

இருந்தாலும் நடுநிலை தவறாத தலைவர், மேடத்தைத் தவிர்த்து மற்ற ஒன்பது பேரையும் கொண்டு 'செல் அடையாள நிர்ணய உயர்மட்டக் குழு' அமைத்தார். தோல் சார் எழுந்தார். "ஒருத்தன் ஒரு ஊர்ல பதினெட்டு வருஷம் இருந்தா அவனை அந்த ஊர்க்காரன்னுதானே சொல்றோம்? செல்லுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்று கேட்டார். 'மேற்படி செல்கள் தொடர்ச்சியான வசிப்பின் அடிப்படையில் அந்தந்த உறுப்புகளாகவே கருதப்படும்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கையைத் தூக்கிவிட்டேன்.

மேடம் ஒரு வெள்ளைத் தாளில் தானே டாக்டருக்கு எழுதிவிட்டார். டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டார். மறுநாளே மேடத்துக்கு ஆணை வந்தது. தம் ஆராய்ச்சி ஆர்வத்துக்குத் தாமே ஊறு விளைவித்தமையால் அன்னாரின் பணி நிரந்தரம் ஓராண்டு ஒத்திவைக்கப்படுகிறது. அன்னாரின் ஆர்வம் உடனடியாகப் பெருங்குடல் என மாற்றப்படுகிறது. கதவில் புதுப் பலகையும் மாட்டினார்கள்.

அதைப் பார்த்து மேடம் சொன்னது இவ்வளவுதான்: "குடுவையில இருக்கறதும் கதவுல எழுதியிருக்கறதும் ஒண்ணா இருக்கற அறை இந்தத் துறையில இது ஒண்ணுதான்."

இரண்டு மாதம் கழித்து என் செல்கள் செத்துப்போயின. இரவல் குடுவைக்காக மேடத்தின் அறைக்குப் போனேன். குடுவையைக் கையில் வாங்கிய நேரம், தலைவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையில் ஓர் உறை.

"வயித்து வலின்னு போனேன் மேடம். பெருங்குடல்னு சொல்றாங்க. ஆரம்ப நிலைதானாம்." கொஞ்சம் தயங்கினார். "வெளி லேப்லதான் சோதனைக்குக் கொடுத்தேன். எந்த மருந்து கேக்கும்?"

"நான் ஆரம்பிச்சு ரெண்டு மாசம்தான் சார் ஆகுது."

"இத்தனை வருஷமா நம்ம துறையில பெருங்குடலை யாருமே பாக்கலையா?"

"எல்லாரும் அதைத்தான் சார் பாத்திருக்காங்க. எந்த மருந்துக்குச் செத்துது, எதுக்குச் சாகலன்னு முந்நூறு கட்டுரை இருக்கு. ஒண்ணுலகூடப் பெருங்குடல்னு போடல."

"திருத்திடலாமே."

"குழுத் தீர்மானத்தை ரத்து பண்ணணும் சார். ஒன்பது பேரும் கையெழுத்துப் போடணும்."

தலைவர் உடனே என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்க உண்மையிலேயே பாவமாக இருந்தது.

"கணையம், நீங்க போடுவீங்கல்ல?"

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்முகம். கணையத்தைப் பற்றி இருபத்திரண்டு கட்டுரை எழுதியவன் நான்.

"குழு கூடட்டும் சார், பேசிக்கலாம்," என்றேன்.

என் அறைக்கு வந்து, இரவல் குடுவையில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, 'கணையம்' என்று எழுதி ஒட்டினேன்.