அண்ணி போட்ட படத்தில் அகப்பட்ட என் காப்புரிமை

குவாங்ஜு,
மே 27.

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

குவாங்ஜுவிலிருந்து உங்கள் கொழுந்தன் பியோ கி-சொப், இடுப்பு அனுமதிக்கிற அளவுக்குக் குனிந்து வணங்கி எழுதுவது. ஹேநாமில் வெங்காயம் பிடுங்கி முடிந்ததா? உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே நான் நலம். என் வீட்டுக்காரி ஹ்வா-ஜாவும் நலம், என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று நாளாகிறபடியால் வழக்கத்தைவிட நலம். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவருக்குத்தான் எழுதியிருப்பேன். அவரும் பிரித்துப் பார்க்காமல் உங்களிடம் கொடுத்து, "என்னவாம் அவனுக்கு?" என்று கேட்டிருப்பார். ஆகவே நேராக உங்களுக்கே எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். கிம்ச்சி ஃபிரிட்ஜுக்குள் கேமராவைப் பிடித்து நிறுத்துகிற என் கொக்கிக்குக் காப்புரிமை கேட்டிருந்தேன் அல்லவா? அதற்கு முட்டுக்கட்டை வந்துவிட்டது. அந்த முட்டுக்கட்டை நீங்கள்தான்.

கோபப்படாதீர்கள். நான் கோபத்தில் இருக்கிறேன், ஒரு நேரத்தில் ஒருவர் போதும். உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ஒவ்வொரு வருடமும் அப்பா திதிக்குக் குடும்பம் முழுக்க ஹேநாமில் கூடி, முன்னூறு முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய் அரைத்துப் பூசி, குளிர்காலத்துக்கான கிம்ச்சியை ஒரே நாளில் போட்டு முடிக்கிறோம். எல்லோர் பங்கும் உங்கள் வீட்டில், பெட்டிபோல மேலே மூடி திறக்கிற இரண்டு பெரிய ஃபிரிட்ஜுகளில்தான் இருக்கும். எப்போது போன் செய்து "எவ்வளவு மிச்சம் இருக்கு அண்ணி?" என்று கேட்டாலும், "நிறைய இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்பீர்கள். வந்து மூடியைத் திறந்தால் அடியில் இரண்டு முள்ளங்கித் துண்டு இருக்கும். உங்கள் பங்கையும் சேர்த்து ஊருக்கே கொடுத்துவிட்டு நீங்கள் வெறும் உப்பிட்ட இலையோடு சாப்பிடுவது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அதற்காகத்தான் அந்தக் கேமராவை உள்ளே வைத்தேன். போனைத் தட்டினால் குவாங்ஜுவிலிருந்தே உண்மை தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் பசை போட்டு ஒட்டினேன். குளிரில் பசை விட்டுப்போய் கேமரா பானைக்குள் விழுந்து, ஒரு வாரம் ஊறி, உங்கள் மூத்த மருமகன் தட்டில் வந்து சேர்ந்தது. அவர் அதை முள்ளங்கி என்று நினைத்துக் கடித்ததும், "ஓரத்துப் பல்லுதான், பரவாயில்லை" என்று பெருந்தன்மையாகச் சொன்னதும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் காந்தம் வைத்தேன். மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் கேமரா போய்க் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் இந்தக் கொக்கி. மூடி ரப்பரின் இடுக்கில் செருகி, கழுத்தை முப்பது பாகை சாய்த்து, கேமராக் கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஆவி படியாது, விழாது, ஆடாது. முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் ஃபிரிட்ஜுக்குக் கதவு மாட்டியவன் கை அது.

அந்தத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சுவர் உண்டு. கம்பெனி வாங்கிய காப்புரிமைச் சான்றிதழ்களை எல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். வரிசையில் நிற்கும்போது நான் வாசித்த ஒரே இலக்கியம் அதுதான். கதவு ரப்பரை மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் தண்ணீர் கோத்துக்கொள்ளாது என்று சொன்னது நான். அந்தச் சான்றிதழில் நான்கு இன்ஜினியர்கள் பெயர் இருக்கிறது. நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் பதினெட்டு வருடம் தினமும் தட்டோடு அந்த நான்கு பெயரையும் தாண்டிப் போயிருக்கிறேன். கண்டுபிடித்தவர் என்கிற கட்டத்துக்குள் என் பெயரை ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும், அண்ணி. எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்படி இருக்க, போன வாரம் காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. அரசாங்க முத்திரையைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், நான் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டேன் என்று ஹ்வா-ஜாவுக்குச் சோயா குழம்பு வைத்துக் கொண்டுவந்து ஆறுதல் சொன்னாள். பிரித்தால், என் கொக்கி புதியதல்லவாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உலகம் பார்த்துவிட்டதாம். ஆட்சேபம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் எழுதவேண்டுமாம். உலகத்துக்கு யார் காட்டியது என்று பார்த்தால், ஊர் மன்றத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் நீங்கள் உங்கள் பெயரிலேயே ஆரம்பித்தீர்களே, "ஒக்-சிம் வீட்டுச் சமையற்கட்டு" என்று ஒரு வலைப்பக்கம், அதன் முகவரியை எழுத்து விடாமல் போட்டிருக்கிறார்கள்.

கடிதத்தில் வாதாடுவதைவிட நேரில் காட்டுவது மேல் என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகரிடம் நாள் கேட்டு தேஜோனுக்குப் புறப்பட்டேன். வெறுங்கையோடு போய் எதை விளக்குவது? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்மூடியைக் கழற்றி, மெத்தைப் போர்வையில் சுற்றி, கொக்கியும் கேமராவுமாக மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தேன். காலடியில் ஒரு டப்பா கிம்ச்சி. மூடி இல்லாத ஃபிரிட்ஜ் அன்று முழுக்க வாயைப் பிளந்துகொண்டு வீட்டில் நின்றதும், உள்ளே இருந்ததெல்லாம் புளித்துப் பொங்கியதும், ஹ்வா-ஜா பேசாமல் இருப்பதற்குக் காரணம். பேருந்தின் வெயிலில் டப்பாவும் உப்பிக்கொண்டே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

அலுவலக வாசலில் காவலர் தடுத்தார்.

"ஐயா, டப்பாவுல என்ன?"

"கிம்ச்சி. பரிசோதகர் அம்மாவுக்கு."

"ஐயையோ, ஒரு இலைகூட வாங்கக்கூடாது அவங்க. சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

"லஞ்சம் இல்லப்பா, இது சாட்சி. கேமரா எதைப் பார்க்குதுன்னு காட்ட வேண்டாமா?"

"சாட்சியை இங்கயே வெச்சிட்டுப் போங்க."

வைத்தேன். வைத்த அதிர்ச்சியில் மூடி பட்டென்று தெறித்து, சாறு பளிங்குத் தரையில் ஓடியது. லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். காவலர் கோபமாகத்தான் குனிந்து துடைத்தார். துடைத்துக்கொண்டே, "மிளகாய் ஹேநாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாப் புளிச்சிருக்கு, பன்றிக்கறி போட்டுக் குழம்பு வெச்சா..." என்று சொல்லி நிறுத்தி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். உங்கள் கைப்பக்குவத்துக்கு அரசாங்க ஊழியர் ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டுக் கொடுத்த பாராட்டு அது.

பரிசோதகர் பெயர் தாக் சே-வொன். நம் சின்னவள் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று வணங்கி, மூடியை இறக்கி வைக்க ஒரு கை பிடித்து, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். இவ்வளவு மரியாதையாக ஒருவர் பேசினாலே காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு பெரிய தாளை நகர்த்தினாள். உங்கள் படம்! இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். சிவப்பு ரப்பர் கையுறையோடு நீங்கள் ஒரு இலையைச் சுருட்டி ஒருவன் வாயில் ஊட்டுகிறீர்கள். பின்னால் ஃபிரிட்ஜ் திறந்திருக்கிறது, கொக்கி பளிச்சென்று தெரிகிறது.

"ஐயா, வாயைத் திறந்துட்டு நிக்கறது நீங்கதானே?"

"என்னை மாதிரி இருக்கு."

"கீழ எழுதியிருக்காங்களே. 'இது என் கொழுந்தனார் கி-சொப் செஞ்ச கொக்கி. எப்படி மாட்டணும்னு சொல்றேன், எல்லாரும் செஞ்சுக்கோங்க.' அப்புறம் ஒம்பது படி வெச்சு விளக்கியிருக்காங்க. உங்க விண்ணப்பத்தைவிட இது தெளிவா இருக்குங்க."

"அவங்க எழுதினா அப்படித்தான்."

"நீங்களோ, உங்க சம்மதத்தோட வேற யாரோ முன்னாடியே காட்டியிருந்தா பன்னிரண்டு மாசத்துக்குள்ள விண்ணப்பம் போடச் சலுகை உண்டு ஐயா. உங்களுக்குப் பதினேழு நாள் தாண்டிடுச்சு."

"தாண்டலை. ரெண்டு நாள் மிச்சம் இருந்துச்சு. எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன்."

"எந்தக் கணக்குல எண்ணினீங்க?"

"எங்கப்பா திதிக் கணக்குல. படம் எடுத்தது பத்தாம் மாசம் இருபத்தேழு. அடுத்த திதிக்கு ரெண்டு நாள் முன்னாடி விண்ணப்பம் போட்டேன். திதிக்குத் திதி ஒரு வருஷம்தானேம்மா?"

அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "ஐயா, நிலாக் கணக்குல அந்த வருஷம் ஒரு மாசம் அதிகம். நடுவுல ரெண்டாம் மாசம் ரெண்டு தடவை வந்துச்சு."

"வந்துச்சு."

"அப்ப உங்க வருஷத்துக்குப் பதிமூணு மாசம்."

அவள் உங்கள் படத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு அவள், "எங்கம்மா பிறந்தநாளை நானும் அந்த வருஷம் ஒரு மாசம் முன்னாடியே கொண்டாடிட்டேங்க. இன்னும் சொல்லிக்காட்டறாங்க" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள் என்று புரிந்தது. ஆனால் கேக்கை மறுபடி வெட்டிக்கொள்ளலாம், என் தேதியை என்ன செய்வது?

நான் எழுந்திருக்கும்போது இன்னொன்றும் கேட்டாள். படத்தில் கேமராவைச் சுற்றிச் சிவப்பாகத் தெரிகிற வளையம் என்ன என்று. கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வெட்டிப் போட்டது என்றேன். வெட்டியது யார் என்றாள். எங்கள் வீட்டில் என்று மட்டும் சொன்னேன். நீங்கள்தான் கத்தரியை எடுத்து, "ஆவிதானே படியுது, இரு" என்று வெட்டி மாட்டினீர்கள். அது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் எனக்கும் அந்த யோசனை வந்துகொண்டுதான் இருந்தது. கத்தரி உங்கள் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கப்போவது ஒரே ஒரு உதவி. அந்த வலைப்பக்கத்தை ஊரார் பார்க்க முடியாது, குடும்பத்தார் மட்டும்தான் பார்த்தார்கள் என்று காட்டினால் என் கொக்கி இன்னும் புதியதுதான். "இது எங்கள் சொந்தக்காரர்களுக்காக மட்டும் வைத்திருந்த பக்கம்" என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக உங்கள் பெயர் முத்திரைக் கட்டையால் குத்தி அனுப்புங்கள். பொய் என்று நினைக்காதீர்கள். கீழே கருத்துச் சொன்ன நாற்பத்தொரு பேரையும் பார்த்தேன். ஹேநாமில் யார் நமக்குச் சொந்தமில்லை? கனடாவிலிருந்து "அருமை அக்கா" என்று எழுதிய அந்த அம்மாள்கூட உங்களை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இதைவிடச் சொந்தம் என்ன வேண்டும்? அந்தப் படத்தையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். காப்புரிமைக்காக இல்லை. வாய் அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது.

ஒரு வரிதான், அண்ணி. நீங்கள் எழுதினால் கட்டத்தில் என் பெயர் வரும். எழுதாவிட்டால் இந்த ஜென்மத்தில் நான் கதவு மாட்டினவன் மட்டும்தான்.

உங்கள் வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைக்கட்டும். முழங்கால் இந்த மழைக்காலத்தைத் தொந்தரவில்லாமல் தாண்டட்டும். மேலே இருக்கிற அண்ணனும் அப்பாவும் உங்களுக்கு நூறு வயதைக் கொடுத்து, எங்களுக்கு அது வரைக்கும் கிம்ச்சியைக் கொடுக்கட்டும். மூத்த மருமகனுக்கும் அவர் பல்லுக்கும் என் விசாரிப்பு.

என்றும் பணிவுள்ள கொழுந்தன்,
பியோ கி-சொப்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஹ்வா-ஜா வாயைத் திறந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு, "என்னங்க, காப்புரிமை ஆபீஸ்ல அனுப்பின தபால்ல ரெண்டாம் பக்கத்தைப் படிச்சீங்களா?" என்பது. முதல் பக்கத்திலேயே உயிர் போய்விட்டபோது இரண்டாம் பக்கம் எதற்கு என்றேன். "உங்களுக்கு முன்னாலயே இன்னொருத்தர் இதே கொக்கிக்கு விண்ணப்பம் போட்டு வாங்கியாச்சுன்னு ஒரு நம்பர் இருக்கு. நான் போன்ல போட்டுப் பார்த்தேன். நீங்களே படிங்க" என்று போனைக் கையில் கொடுத்தாள். வளையத்தைப் பற்றிக் கேட்டபோதே பரிசோதகர் அதைச் சொல்லத்தான் வாயெடுத்திருக்கிறாள்; நான்தான் பேருந்துக்கு நேரமாயிற்று என்று மூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விண்ணப்பித்தவர்: மா ஒக்-சிம், வயது எழுபத்தொன்று, ஹேநாம். படம் போட்ட மூன்றாவது மாதமே, வேளாண் மையத்துப் பெண் அதிகாரியைப் பிடித்து, சலுகையையும் கேட்டு வாங்கி, ஒழுங்காகச் சூரியக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். உடனே உங்களுக்குப் போன் செய்தாள் ஹ்வா-ஜா. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீங்கள், "போன திதிக்கே அந்தத் தாளைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்மா. உன் புருஷன் பேசறதை நிறுத்தினாத்தானே நான் சொல்ல முடியும்?" என்றீர்களாம்.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். அந்த ஒரு வரியை எழுதாதீர்கள், படத்தையும் எடுக்காதீர்கள், வாய் அப்படியே திறந்திருக்கட்டும். அந்தச் சான்றிதழில் கண்டுபிடித்தவர்கள் என்கிற கட்டத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மா ஒக்-சிம், பியோ கி-சொப். உள்ளே விளக்கத்தில், கொக்கி கொழுந்தனாருடையது, ரப்பர் வளையம் மட்டும் என்னுடையது என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணி, ஹ்வா-ஜா பார்த்துவிட்டாள், பார்க்கட்டும். உங்கள் கட்டத்தில் நாம் இரண்டு பேர் இருக்கிறோம். நான் தேஜோனுக்கு அனுப்பிய கட்டத்தில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். திட்டுவதாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன்பே திட்டிவிடுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.