லய வாசலில் ராஜா பாட்டு

கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டம்,
ஊவா. 1911 ஜூலை.

கர்த்தருக்குள் கனம்பொருந்திய அண்ணன் வேதமுத்து வாத்தியார் அவர்களுக்கு, தம்பி உபதேசியார் தேவதாசன் மிகுந்த தோத்திரத்துடன் எழுதுவது. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் தங்கள் பிரம்பும் சுகமென்று நம்புகிறேன். இங்கே தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வெகு சுகம். என் சுகத்தை மட்டும் கேட்க வேண்டாம். நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வருகிறேன். தூத்துக்குடிக்கு வந்து என்னை அழைத்துப் போகவும். எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை.

எந்தப் பாட்டென்றால், நூற்றெண்பது வருஷத்துக்கு முன் லண்டனில் ஒரு ராஜாவுக்கு முடிசூட்டியபோது, ஜெர்மனியிலிருந்து வந்த சங்கீதக்காரர் ஒருவர் கட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து எந்த ராஜா முடி தரித்தாலும் அதைத்தான் பாடுகிறார்களாம். எங்கள் துரை சின்ன வயதில் அதைக் கோயிலில் நின்று பாடினவராம். புது ராஜாவுக்கு ஜூனில் முடிசூட்டு என்றதும் என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டு, "உபதேசியார், நம்ம ஆள் பாட வேணும்" என்றார். அங்கே பெருங்கூட்டமாக நின்று ஏழு குரலாகப் பிரிந்து பாடுவதை, பகலெல்லாம் மலையேறிக் கால் வீங்கிய பன்னிரண்டு பேரை வைத்து நான் பாடிக்காட்ட வேண்டும். முடியாது என்று சொல்ல நான் யார்? தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகு, ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் பாடிப் பழகினோம். அங்கேதான் வந்தது வம்பு. இந்தத் தோட்டத்தில் வேதக்காரராகிய நம்மவர் கோயிலில் கூடிப் பாடினால் ஆராதனை, லய வாசலில் கூடிப் பாடினால் சாவு. அதுதான் வழக்கம். முதல்நாள் நாங்கள் குரலெடுத்ததுமே மேல் லயத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்தார்கள்.

"யாருங்க போயிட்டாங்க?"

"யாரும் போகலம்மா. ராஜாவுக்காகப் பாடுறோம்."

"ஐயோ, ராஜாவா போயிட்டாரு!" என்று அவர்கள் மாரடிக்கத் தொடங்கினார்கள். மறுநாள் சாவுக்குப் பறை கொட்டும் காத்தான் தன் தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆட்களோடு வந்துவிட்டான். சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கடைசியில் ராஜா போய்விட்டதாக அவர்களாகவே முடிவுகட்டி, தினமும் வந்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார்கள்.

உச்சிக் குரலுக்கு எனக்கு இருந்தது ஒரே ஒருத்தி, செசிலியின் மகள் ஜெபமலர். கொழுந்துக்காரி, பதினேழு வயது. முடிசூட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கேட்டு துரையிடம் போனேன். "பாட்டு முடியட்டும், அடுத்த நாள் வண்டி தாறேன்" என்றார். கெஞ்சினேன். "அவள் இல்லாட்டிப் பாட்டு இல்லை, நீதானே சொன்னது?" என்றார். ஆமாம், பெருமையாகச் சொன்ன மடையன் நானேதான்.

முடிசூட்டு நாளன்று, காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நாற்காலி போட்டு அக்கம்பக்கத்துத் துரைமாரெல்லாம் உட்கார்ந்தார்கள். இந்தப் பாட்டில் வாத்தியம் மட்டும் வெகுநேரம் ஒலித்து, பிறகுதான் எல்லாக் குரலும் ஒரேயடியாகக் கிளம்ப வேண்டும். ஆர்மோனியத்தில் உட்கார்ந்த துரைசானியின் காகிதத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. அந்த அம்மா தெரிந்த பாகத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். எங்கள் ஆட்கள் என் கையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஜெபமலரை இரண்டு பெண்கள் தோள்கொடுத்துத் தாங்கியிருந்தார்கள். துரைசானி எப்போது முடிப்பார்கள், இவள் எப்போது விழுவாள் என்று எனக்கு உயிரே போயிற்று. பொறுக்கமாட்டாமல், பாடச் சொல்லி நானே கையைப் போட்டேன். அண்ணா, அவள் பாடினாள். அந்தக் காற்றுக்கு மேலே அவள் குரல் நின்றது. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சொன்னபடி வண்டி வந்தது. வழியில் பெரகல சந்தியைக்கூட அவள் தாண்டவில்லை. சந்தியில் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே போய் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார்.

அடக்கத்தின்போது செசிலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பாட்டப் பாடுங்க."

"அது ராஜாவுக்கு உள்ளதும்மா. ராஜா என்னைக்கும் உசுரோட இருக்கணும்னு அதுல வருது."

"ராஜா நல்லாத்தானே இருக்காரு? செத்தது எம் மக. அவளுக்குப் பாடுங்க."

பாடினோம். ஆர்மோனியம் வாசிக்க வேண்டிய பாகம் முழுவதையும் காத்தான் தப்பில் அடித்தான். தினமும் வந்து அழுதபோது நான் வாயால் இசைத்துக்காட்டியதைக் கேட்டே அவனுக்கு அது மனப்பாடம். துரைசானியைவிட ஒழுங்காக அடித்தான். உச்சிக் குரல் வரும் இடத்தில் யாரும் பாடவில்லை. சும்மா நின்றோம், பிறகு தொடர்ந்தோம்.

மறுநாள் பெரட்டில் துரை குதித்தார். "ராஜா பாட்டை லயத்துப் பிணத்துக்குப் பாடுறதா? இனிப் பாடினா உனக்குத் தோட்டத்தில இடமில்லை!" இனிப் பாடமாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு செசிலியின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை. ஆகவே வருகிறேன். இந்த ராஜாவே நேரில் வந்து கேட்டாலும் அந்தப் பாட்டுக்கு நான் வாய் திறப்பதில்லை, இது சத்தியம்.

அண்ணிக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டைக் காய்ச்சலுக்கும் துரைமாருக்கும் விலக்கிக் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
தேவதாசன்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் செசிலி வந்து நிற்கிறாள், பின்னால் காத்தான். அவன் தாய் போய்விட்டாளாம். அவர்கள் வேதக்காரர் அல்ல, ஆனாலும் அந்தப் பாட்டுத்தான் வேண்டுமாம். "நீங்க கையப் போடுங்க உபதேசியாரே, மேல் குரல நான் எடுக்கிறேன்" என்கிறாள் செசிலி. தூத்துக்குடிக்கு வர வேண்டாம், அண்ணா. காற்று இன்றைக்கு பங்களாப் பக்கமாக அடிக்கிறது.