விஷ்ணுகிராந்தியும் ஞானப்பல்லும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நங்கநல்லூருக்குப் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். வாயை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். திறந்தால் ஆபத்து.

ஆபத்தின் பெயர் டாக்டர் தேசிகன். என் மனைவி ஜானுவின் அண்ணா. பல் டாக்டர். ரிடையர் ஆகிவிட்டார். வேலைதான் அவரை விட்டது, பல்லை அவர் விடவில்லை. தன் பழைய சுழல் நாற்காலியை வீட்டுக் கூடத்திலேயே போட்டுக்கொண்டு, அகப்பட்ட சொந்தக்காரர்களை அதில் உட்கார வைப்பார். வாராவாரம் ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவோம். உள்ளே நுழைந்தால் "வாங்கோ" கிடையாது.

"ஆ காட்டுங்கோ, மாப்பிள்ளே!"

என் கீழ்வரிசைக் கோடியில் இருக்கும் ஞானப்பல் மேல் அவருக்கு ஒரு கண். அது அவ்வப்போது வலிக்கும். வலித்தால் என்ன? எனக்கு இருக்கிற ஞானமே கொஞ்சம். அதையும் பிடுங்கக் கொடுத்துவிட்டு நான் ஆபீஸில் எதை வைத்துக் குப்பை கொட்டுவது?

"ராத்திரி பூரா முனகறேள். ஒரு பக்கமாவே மெல்லறேள். அண்ணாகிட்ட ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தா என்னவாம்?" என்பாள் ஜானு.

"உன்கிட்டயே திறக்க முடியல. அண்ணாகிட்ட எப்படித் திறக்கறது?"

வழி காட்டியவர் அடுத்த வீட்டு மெஹபூப் அலி. கல்லூரியில் தமிழ் மீடியத்தில் தாவரவியல் நடத்தியவர். வீட்டிலும் அதே பாஷைதான். வாழைப்பழம் சாப்பிடும்போதுகூட "கனி" என்பார். ஒருநாள் பெசன்ட் நகர் மணலிலிருந்து ஒரு செடியை வேரோடு எடுத்து வந்து, அடையாறில் எங்கள் வீட்டு முன்னால் வெயில் கொளுத்துகிற தோட்டத் துண்டைக் காட்டினார்.

"விஷ்ணுகிராந்தி, சார். உங்க பெருமாள் பேர்லயே இருக்கேன்னு கொண்டாந்தேன். இதுக்கு வெயில்தான் சாப்பாடு. காலைல வெயில் ஏறினாத்தான் மலரும். மத்தியானம் குவிஞ்சிடும்."

"ஒன்பது மணிக்கு மலருமா?"

"மலரும்."

"பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்குமா?"

"தாராளமா."

என் மண்டைக்குள் மணி அடித்தது. நங்கநல்லூர் நேரமும் அதேதான்!

மெஹபூப் அலி போகும்போது வாசல் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். ஒரு விரலை உயர்த்தி, "பல்லாண்டு, சார்!" என்றார்.

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நம் நெற்றியில் இருக்கிற திருமண்ணைப் பார்த்து நம் பாணியிலேயே வாழ்த்துகிறாரே! இரு கையும் கூப்பி, "உங்களுக்கும் பல்லாண்டு, சார்!" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

செடி தரையோடு தரையாகப் படர்ந்தது. குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய பூ. ஆனால் என்ன நீலம்! சூரியன் வேப்பமரத்தைத் தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும். நான் ஜானுவிடம் போய் நின்றேன்.

"ஜானு, ஒரு விரதம் எடுத்துண்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைதோறும் விஷ்ணுகிராந்திப் பூவை, மலர்ந்த கையோட நானே பறிச்சுப் பெருமாளுக்குச் சாத்தப் போறேன்."

"சீக்கிரமே சாத்திட்டுக் கிளம்பலாமே."

"சீக்கிரம் மலராதே! ஒண்ணொண்ணா மலரும். ஒண்ணொண்ணாப் பறிக்கணும். பன்னிரண்டு ஆயிடும். நான் ஆத்தை விட்டு நகரவே முடியாது."

ஜானு சண்டை போடுவாள் என்று பத்து பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே மெஹபூப் அலியின் மனைவி அஃப்சருன்னிசா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மதில் மேல் சாய்ந்து என்னவோ பேசினார்கள். திரும்பி வந்தாள்.

"சரி," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளாக இவள் வாயிலிருந்து ஒற்றைச் சொல்லில் "சரி" வந்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு சொர்க்கம். ஜானு தனியாக நங்கநல்லூர் போனாள். நான் பெருமாளுக்கு நாலு பூ, எனக்கு நாற்பது ஓவர் கிரிக்கெட் என்று பிரித்துக்கொண்டேன். தொட்டுக்கொள்ள முறுக்கு. வலித்தது. சுதந்திரம் என்றால் சும்மாவா?

அடுத்த ஞாயிறு ஜானு கிளம்பவே இல்லை. காபிக்குக் கூடுதலாகப் பால் வைத்தாள். பிறகு என் ஈஸிசேரைத் தூக்கிக்கொண்டு போய், செடிக்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்துப் போட்டாள். என்ன கரிசனம் என்று நானும் அதில் சாய்ந்துகொண்டேன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு கறுப்புத் தோல் பை இறங்கியது. அதன் பின்னால் தேசிகன் இறங்கினார்.

எழுந்து ஓடப் பார்த்தேன். ஈஸிசேரிலிருந்து அவசரமாக எழுந்து தப்பித்தவர்கள் உலகில் யாருமில்லை.

"அடடா, என்ன வெளிச்சம்!" என்று அவர் வானத்தைப் பார்த்தார். "என் கூடத்துல டார்ச் அடிச்சுப் பாக்க வேண்டியிருக்கு. இங்க சூரியனே லைட் பிடிக்கறானே! ஆ காட்டுங்கோ, மாப்பிள்ளே."

"எனக்குக் கைங்கர்யம்... பூ பறிக்கணும்..."

"நான் பறிச்சுக்கறேன். அண்ணா இன்னொண்ணைப் பறிச்சுக்கட்டும்," என்றாள் ஜானு, என் தோளை அழுத்திக்கொண்டு. "பூ மலர்ற மாதிரி மெதுவா வாயைத் திறங்கோ."

திறந்தேன். ஊசி உள்ளே போனது. சற்று நேரத்தில் ஞானம் வெளியே வந்தது.

ஒழிந்தது, இனி வரமாட்டார் என்று நினைத்தேன். தேசிகன் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மத்ததெல்லாமும் ஆட்டம் கண்டிருக்கு. வாராவாரம் வந்து ஒண்ணொண்ணாப் பாத்துடறேன். பூ இருக்கற வரைக்கும் உங்களால நகர முடியாதாமே, ஜானு சொன்னா."

பூ இருக்கிற வரைக்கும்தானே? தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். செடி இன்னும் செழித்தது. தண்ணீரில்லாமல் மண் காய்ந்தால்தான் அதற்குக் கும்மாளமாம். வாராவாரம் நீலம் கூடிக்கொண்டே போனது. வாராவாரம் தேசிகன் ஒரு பல்லைச் சுரண்டினார்.

நேற்று ஞாயிறு. வாய் நிறையப் பஞ்சோடு மதிலருகே ஓடினேன். மெஹபூப் அலி எட்டிப் பார்த்தார்.

"தார்! இந்தத் தெதி எப்போ தாகும்?"

"சாகறதா? அன்னிக்கே விரலை நீட்டிச் சொன்னேனே சார்! ஒரு பருவத்தோட போறதுக்கு இது என்ன கீரையா? வருஷக்கணக்கா வேர் விட்டு நிக்கும். பல்லாண்டுச் செடி!"

வாழ்த்து இல்லையா! எனக்கு அதிர்ச்சியில் வாய் பிளந்தது. பஞ்சு கீழே விழுந்தது. பின்னாலேயே தேசிகன், "அப்படியே வெச்சுண்டிருங்கோ, மாப்பிள்ளே!" என்று ஓடி வந்தார்.

நான் ஜானுவைப் பார்த்தேன். அவள் குனிந்து பூ பறித்துக்கொண்டிருந்தாள்.

"இது வருஷக்கணக்கா நிக்கும்னு அஃப்சர் அன்னிக்கே மதில்கிட்ட சொல்லிட்டா," என்றாள். "இல்லேன்னா நான் 'சரி'ம்பேனா?"