கண்மீசை

ஒரு வகுப்பில் உங்கள் மொழி தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். பிழை பிடிக்க ஆளில்லை என்பது முதலில் பெரிய சுகமாக இருக்கும். எனக்கும் இருந்தது. கொஞ்ச நேரம்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. சிட்னியின் புறநகர் டூங்கபியில் வீடு. அப்பா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர். "பிள்ளையளோட வீட்டில தமிழ் கதையுங்கோ" என்று மேடை கிடைத்த இடமெல்லாம் முழங்குவார். வீட்டில் அவர் தமிழில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். நாங்கள் தமிழில் கதைத்துவிட்டதாக அவர் திருப்தியோடு எழும்பிப் போவார்.

அந்த வருஷம் மேய்ஸ் ஹில் கோயில் கார் தரிப்பிடத்தில் ஓர் அங்கிள், தன் மகன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே பல்கலைக்கழகப் பாடம் ஒன்றை முடித்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னார். கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கென்றே நடத்தும் வகுப்பாம். தேறினால் கிரெடிட் கிடைக்கும். பிறகு பல்கலைக்கழகம் போகும்போது ஒரு பாடம் குறையும். வீடு வந்ததும் அப்பா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். கணிதம், வேதியியல், சட்டம் எல்லாம் நிரம்பிவிட்டன. மிஞ்சிக் கிடந்தது மொழியியல்.

"மொழி தானே பிள்ளை. உனக்குத் தமிழ் இருக்கு. பிறகென்ன?"

இப்படித்தான் சிட்னியின் கொதிக்கும் ஜனவரியில், என் சிநேகிதிகள் எல்லாம் கடற்கரையில் கிடக்க, நான் ரயிலேறினேன்.

பாடம் நடத்தியவர் ஹெலன். மெலிந்த, சந்தோஷமான பெண்மணி. யாரும் எழுதிவைக்காத ஒரு மொழியை எப்படி ஆராய்வது என்று விளக்கினார்: அதைப் பேசுகிறவரை உட்காரவைத்துச் சொற்களைக் கேட்க வேண்டும், அவற்றிலிருந்து இலக்கணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். "வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் யாராவது உண்டா?" என்றார். என் கை உயர்ந்தது. (நான் உயர்த்தவில்லை. அப்பாவின் மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கை, அதுவாகவே போய்விட்டது.)

எமிலி என்ற பெண்ணும் நானும் ஒரு குழு. அவள் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். அவள் கண்ணைத் தொட்டாள், கண் என்றேன். மூக்கு, காது, வாய் எல்லாம் ஒழுங்காகப் போயின. பிறகு புருவத்தைத் தொட்டாள்.

தலைக்குள் ஒன்றுமில்லை. வெறும் காற்று.

"கண்..." என்று தொடங்கினேன். எமிலி பேனாவோடு காத்திருந்தாள். ஹெலன் பின்னால் வந்து நின்றார். "...மீசை" என்று முடித்தேன்.

"கண்ணின் மீசையா!" என்று ஹெலன் நெஞ்சில் கை வைத்தார். "எவ்வளவு அழகான மொழி!"

என்னை அதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அந்தப் புகழ்தான் என்னைக் கெடுத்தது. முழங்கை கைமூலை ஆயிற்று. கணுக்கால், கால்கழுத்து. அக்குள், கைக்குகை. நாசித் துவாரத்தை மூக்குவாசல் என்றபோது ஹெலன் கண் கலங்கியதாகவே எனக்கு ஞாபகம். தமிழர்கள் உடம்பை ஒரு வீடாக, ஒரு நிலமாகப் பார்க்கிறார்கள் என்றார். அதுவே எங்கள் ஆய்வின் தலைப்பாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய், என் புருவத்தைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன்.

"புருவம். ஏன் கேக்கிறாய்?"

"Nothing."

உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் மறுநாள் போனேன். ஆனால் எமிலி பெரிய அட்டையில் ஓர் ஆளுயர உடம்பை வரைந்து, வர்ணம் தீட்டி, கண்மீசைக்கு அம்புக்குறியும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மாலையில் சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்துவிட்டுப் போய் வரைந்ததாம். "எங்கள் வீட்டில் யாருமே பல்கலைக்கழகம் போனதில்லை. இந்த கிரெடிட் கிடைத்தால் நான்தான் முதல் ஆள்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எதைச் சொல்ல?

அதன்பின் ஒவ்வொரு நாளும் புதிய சொற்கள் கேட்டார்கள். பழையவற்றையும் திருப்பிக் கேட்டார்கள். நேற்றுச் சொன்ன பொய் இன்று பிசகக் கூடாதே! ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு கைமூலை, கைக்குகை என்று முணுமுணுப்பேன். உலகத்தில் ஒருவருமே பேசாத ஒரு மொழியை நான் விழுந்து விழுந்து பாடமாக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்குத் தமிழையே படித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசி நாள் கண்காட்சி. பெற்றோரும் வரலாம். அழைப்பு மின்னஞ்சல் அப்பாவுக்கே நேராகப் போய்விட்டது.

அனல் பறக்கும் அந்த வெயிலில் அப்பா கோட்டும் டையுமாக வந்தார். காரை நிறுத்த அம்மாவை அனுப்பிவிட்டு, வாசலிலிருந்தே எங்கள் அட்டையைப் படமெடுத்துத் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்குப் போட்டார். 'என் மகள் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளர்க்கிறாள்' என்று ஒரு வரியும் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் கிட்ட வந்து வாசித்தார்.

நான் தமிழில் எழுதியிருந்த சொற்களுக்கு அவர் உதடுகள் எழுத்தெழுத்தாக அசைந்தன. க. ண். மீ. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவருடைய சட்டைப் பையில் போன் நடுங்கத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தார். தமிழ்ப் பள்ளி அன்ரி ஒருவர் கேட்டிருந்தார்: 'அண்ணை, கைக்குகை எண்டா என்ன?' போன் தொடர்ந்து நடுங்கியது. அப்பாவும்தான்.

ஹெலன் ஓடிவந்து கை கொடுத்தார். "உங்கள் மகள் எங்களுக்குக் கிடைத்த பொக்கிஷம்! சொல்லுங்கள், உங்கள் ஊரிலும் இதைக் கண்மீசை என்றுதான் சொல்வீர்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த எமிலியைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நான் தரையைப் பார்த்தேன். (தரை புத்தம்புதிது. ஒரு வெடிப்புக்கூட இல்லை.)

"ஓம்," என்றார் அப்பா. பிறகு நிதானமான ஆங்கிலத்தில், "எங்கள் வீட்டில் அப்படித்தான்" என்றார்.

வாழ்நாளெல்லாம் தமிழில் ஓர் எழுத்துப் பிழை பொறுக்காத மனிதர். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது அம்மா காரை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார்.

"கண்மீசையோ? இதென்ன கோதாரி!" என்றார். அடுத்த சொல்லை வாசித்தார். "ஐயோ, கைக்குகை!" அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதிரை ஒன்றில் உட்கார்ந்து சிரித்தார். மூக்குவாசலைக் கண்டதும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல அணைந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். எமிலி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டத் தொடங்கினாள். அழவும் இல்லை.

அப்பாதான் டையைத் தளர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "பிள்ளை, என்னைக் கேள். நான் சொல்லுறன்" என்று அவளிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். ஆய்வைத் திருத்தி எழுத ஹெலன் திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். அந்த வார இறுதி முழுவதும் எமிலி எங்கள் வீட்டில் இருந்தாள். சாப்பிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று அவள் கேட்க, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் உணவு உண்டேன்" என்றார்.

"நீங்கள் எப்பவப்பா இந்த வீட்டில உணவு உண்டனீங்கள்?" என்று அம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார். "சாப்பிட்டனான் எண்டு சொல்லிக் குடுங்கோ. அந்தப் பிள்ளையும் பெயில் விடப்போகுது."

எமிலி தேறினாள். எனக்குக் கிரெடிட் இல்லை. தரவுகளைப் புனைந்ததற்கு ஹெலன் வேறெதுவும் செய்திருக்க முடியாது. அப்பா தலைவர் பதவியை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் கோயிலில் எந்தப் பிள்ளை அவரைக் கண்டாலும் புருவத்தைத் தொட்டுக் காட்டியது. பல மாதங்கள் எங்கள் வீட்டில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பிறகொரு நாள் அம்மா, "கண்மீசை எடுக்கப் போட்டு வாறன்" என்று பார்லருக்குக் கிளம்ப, அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு என் சொற்களுக்கு வீட்டுக்குள் இருந்த தடை நீங்கியது.

போன வருஷம் அப்பா கோயில் படியில் சறுக்கி விழுந்து, கணுக்கால் பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு ஆங்கிலம் போதுமானதாக இருந்தும், உரிமை இருக்கிறதென்று தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். போனில் ஓர் இளம்பெண் வந்தார்.

"ஐயா, எந்த இடத்தில நோகுது?"

"கால்கழுத்தில, பிள்ளை."

டாக்டர் காத்திருந்தார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா... குறை நினைக்காதேங்கோ. இது எந்த ஊர்த் தமிழ்?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"டூங்கபித் தமிழ்," என்றார்.