பொன்னுத்தாய் நேரத்துக்கு ஆதாரம்

திருவெறும்பூர்,
ஞாயிறு, முற்பகல் 11.10

மதிப்பிற்குரிய மச்சான் பெரியண்ணன் அவர்களுக்கு, மைத்துனன் மதுரைவீரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், பிரேமலதா, கலைமதி மூவரும் நலம் (ஆதாரம்: நேரில் கண்டது). அங்கு தாங்களும் அக்காவும் நலம் என்று அறிகிறேன் (ஆதாரம்: சென்ற புதன்கிழமை அக்கா பிரேமலதாவிடம் போனில் சொன்னது, என் காதால் கேட்கவில்லை என்பதால் இது இரண்டாம் நிலைச் சான்று மட்டுமே). சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு பஸ் மாறினால் தங்கள் ஸ்ரீரங்கம், இதற்குப் போய்க் கடிதமா, போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னதை நாளைக்கு எந்தப் பக்கத்தில் காட்டுவது? ஆகவே கடிதம். ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையுடன் வரும். பயப்பட வேண்டாம், சாவுச் செய்தி எதுவும் இல்லை.

என் மகள், தங்கள் மருமகள் கலைமதி சென்னையில் நல்ல கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, எம்.ஏ. சமூகவியல் படிக்கப் போகிறேன் என்று பெட்டியோடு வந்து நின்றது தாங்கள் அறிந்ததே. அன்று "படிக்கட்டும் விடு வீரா" என்று சொன்னவர் தாங்கள், ஆகவே நடந்த எல்லாவற்றிலும் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வருகிற வெள்ளிக்கிழமை அவள் தன் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துத் தேறினால் பிஎச்.டி.க்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தவறினால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும், இவள் மறுபடியும் சென்னைக்குப் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். தலைப்பு, தொழிற்சாலைச் சங்கும் சுற்று வட்டாரப் பெண்களின் அன்றாட நேரமும். அதில் மூன்றாம் அத்தியாயம்தான் உயிர் நாடி. அந்த அத்தியாயத்தின் பெயர் 'பொன்னுத்தாய் நேரம்'. பெயரைப் பார்த்ததும் எனக்கு லேசாக எங்கோ அரித்தது, ஆனால் நான் சொறியவில்லை.

அவளுக்கு வழிகாட்டியாக இருப்பவர் பெலிண்டா மேடம். கெட்டிக்காரர், ஆனால் கண்டிப்பு. அடுத்தவர் சொன்னதை எழுதினால் யார் சொன்னது, எங்கே, எந்தப் பக்கம் என்று கூடவே எழுத வேண்டும். தானே பார்க்காத புத்தகத்தைப் பார்த்ததாக எழுதக் கூடாது, யார் வழியாகத் தெரிந்ததோ அவரைச் சொல்ல வேண்டும். கலைமதி இதை ஒரு நாள் அலுப்போடு சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்துப் போயிற்று மச்சான். முப்பத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் நான் வேறு என்ன செய்தேன்? தாங்கள் தீயணைப்புப் பிரிவில் இருந்தவர், தெரிந்திருக்க நியாயமில்லை, ஆகவே சொல்கிறேன். எங்கள் பிரிவுக்கு வரும் இரும்புத் தகட்டின் மேல் ஓர் எண் குத்தியிருக்கும். அதை வைத்து அந்த இரும்பு எங்கே, எப்போது உருக்கியது என்று பிறந்த வீடு வரை போய்விடலாம். தகட்டை வெட்டுவதற்கு முன்னால், வெட்டப்போகும் துண்டின் மேல் அதே எண்ணை மாற்றிக் குத்தி, பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தன் முத்திரையைக் குத்த வேண்டும். குத்தாமல் வெட்டிவிட்டால் துண்டு எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் அனாதை, ஓரமாக ஒதுக்க வேண்டியதுதான். என் காலத்தில் எண் மாற்றிக் குத்தாத ஒரு துண்டு என்னைத் தாண்டிப் போனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பதிவேட்டில் இருக்கிறது.

ஆகவே அவளுடைய அறுபத்து மூன்று மேற்கோள்களையும் சரிபார்க்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. சாயங்காலம் மழை வரும் என்று பிரேமலதா சொன்னாள், யார் சொன்னது என்று கேட்டேன், பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் என்றாள். பவுனம்மாளைப் போய் விசாரித்தால், "உங்க வீட்டம்மாதானே சார் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாங்க" என்கிறார். திரும்பி வந்து பிரேமலதாவிடம் இதைச் சொன்னேன். அன்று மழை வந்தது, எனக்குக் காபி வரவில்லை. அதற்கு மறுநாள் கல்லூரியில் ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, எத்தனை சதவீதம் பிறருடையதைப் போல இருக்கிறது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் முதலில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது நன்றியுரையில். 'என்னை என் விருப்பப்படி படிக்கவைத்த தந்தைக்கு' என்று என்னைப் பற்றி எழுதியிருந்தாளே, அந்த வரி ஏற்கெனவே நானூற்றுப் பதினேழு அப்பாக்களுக்குச் சொல்லப்பட்டதாம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தின் ஆணிவேரான செய்தி இது. காலைச் சங்கு ஊதியதும் பொன்னுத்தாய் என்ற பெண் உலை வைப்பார், அவர் அடுப்புப் புகையைப் பார்த்து அக்கம்பக்கத்து வீடுகளிலும் உலை ஏறும், அந்த வேளைக்கே 'பொன்னுத்தாய் நேரம்' என்று பெயர். கலைமதி இதை ஓர் ஆய்வேட்டிலிருந்து எடுத்திருந்தாள். அதைத் தேடிப் போனேன். அவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார், நூற்றுப் பதினான்காம் பக்கம் என்று போட்டிருந்தார். நூலகத்தில் ஆஃப்ரின் என்ற பெண் பொறுமையாகத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது நூத்தியெட்டாம் பக்கத்தோட முடிஞ்சிருதே" என்றது. கட்டுரை வேறு ஒரு பக்கத்தில் இருந்தது. அந்தக் கட்டுரைக்காரர் ஒரு கருத்தரங்கத் தொகுப்பைக் காட்டியிருந்தார். இப்படியே பின்னால் போகப் போக, மொத்தம் பதினோரு பேர் பொன்னுத்தாயை எடுத்துக் கையாண்டிருக்கிறார்கள் மச்சான். ஒருவர் அவரைத் தொழில் காலத்துக்கும் அடுப்புக் காலத்துக்கும் நடுவில் நிற்கும் எல்லைக்கல் என்று எழுதியிருக்கிறார். பதினோரு பேரில் ஒருவரும் ஒரு பஸ் ஏறித் திருவெறும்பூருக்கு வந்து பார்க்கவில்லை. கடைசியில் அந்தத் தொகுப்பின் அடிக்குறிப்பை ஆஃப்ரின் சத்தமாகப் படித்தது. 'கைலாசபுரம் ஜாலி பாய்ஸ் விளையாட்டு மன்ற ஆண்டு மலர், 1996, பக்கம் 37, எழுதியவர் ம.வீ.'

அந்த மன்றத்துக்குச் செயலாளர் தாங்கள். அந்த ம.வீ. நான்.

மறந்திருப்பீர்கள், ஞாபகப்படுத்துகிறேன். மலர் அச்சுக்குப் போகிற நாளில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் விளம்பரத்தை வாபஸ் வாங்கிவிட்டார். அரைப் பக்கம் காலி. "எதையாவது எழுதி ரொப்பு வீரா" என்று தாங்கள்தான் சொன்னீர்கள். அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில், தொழிற்சாலை வந்த புதிதில் நடந்தது என்று ஆரம்பித்து, மனதில் தோன்றியதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். பெயர் ஒன்றும் அகப்படாமல் அக்கா பெயரையே போட்டேன். என் வாழ்நாளில் நான் கற்பனையாக எழுதியது அந்த அரைப் பக்கம் ஒன்றுதான். அது பதினோரு பேர் எழுத்து வரை போயிருக்கிறது.

அன்று சத்திரம் பஸ் நிலையத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் பிள்ளையின் அத்தியாயம் போய்விடும், சொல்லாவிட்டால் என் முப்பத்தெட்டு வருடம் போய்விடும். இரண்டு நாள் மற்ற அறுபத்திரண்டு மேற்கோள்களையும் மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கலைமதியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "அப்பா, வேற எங்கயாச்சும் இந்த மாதிரி எழுதி வச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க" என்றாள். இல்லை என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் என்னைப் பெலிண்டா மேடத்திடம் அழைத்துப் போனாள். குற்றவாளிக் கூண்டு இல்லாத குறைதான். முழுவதையும் கேட்டுவிட்டு மேடம் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தார்கள். அப்புறம், "கலை, உன் மூணாம் அத்தியாயம் இப்பதான் ஆரம்பிக்குது. ஒரு பொய் எப்படிப் பதினோரு பேர் கை மாறி உண்மையாச்சுன்னு எழுது" என்றார்கள். பிள்ளை பத்தே நாளில் எழுதி முடித்துவிட்டது மச்சான். பிரமாதமாக வந்திருக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல், நூற்றுப் பதினான்காம் பக்கம் எப்படி வந்தது என்று ஓர் ஆராய்ச்சி. அதில் என் பெயர் பத்தொன்பது இடத்தில் வருகிறது. 'கற்பனையைப் படைத்தவர்' என்று போட்டிருக்கிறாள். நானூற்றுப் பதினேழு அப்பாக்களில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடைத்திருக்காது. என்னைப் பொய்யன் என்று குறிப்பிடுவதற்குச் சம்மதம் தெரிவித்து ஒரு படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது மேடத்துக்கு இரண்டே இரண்டு வேண்டும். ஒன்று, அந்த மலரின் அசல் பிரதி. அது தங்கள் வீட்டுப் பரண் மேல், பழைய கேரம் போர்டுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு, அது கற்பனைதான் என்று பெயருக்கு உரியவரின் எழுத்து மூலமான வாக்குமூலம். அக்காவுக்குச் சிரமம் இல்லாமல் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'பொன்னுத்தாய் ஆகிய நான், எக்காலத்திலும் சங்கு கேட்டு உலை வைத்ததில்லை என்றும், என் அடுப்புப் புகையைப் பார்த்து வேறு யாரும் உலை வைத்ததில்லை என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' கீழே அக்கா கையெழுத்து, சாட்சியாகத் தாங்கள். புதன்கிழமைக்குள் கிடைத்தால் போதும்.

தங்கள் முட்டி வலிக்கு இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் தேவலை என்று பிரேமலதா சொல்லச் சொன்னாள் (அவள் எங்கே படித்தாள் என்று நான் கேட்கவில்லை, காபி வேண்டியிருக்கிறது). அக்காவுக்கு என் வணக்கம். பெரியவர்கள் நீங்கள் இருவரும் மனதார வாழ்த்தினால் பிள்ளை தேறிவிடுவாள்.

தங்கள் அன்புள்ள,
ம. மதுரைவீரன்
(ஓய்வு பெற்ற தரக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர்)

பின்குறிப்பு: பகல் 1.40. உறையை ஒட்டப் போகும்போதுதான் தெரிந்தது, வாக்குமூலம் ஒன்று வருகிறது என்று கலைமதி அத்தைக்குப் போன் செய்து படித்துக் காட்டியிருக்கிறாள். அக்கா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஏன்டா வீரா, நான் எதுல கையெழுத்துப் போடணும்? நான் சங்கு கேட்டு உலை வைக்கலைன்னா, அப்ரண்டிஸ்ல ரெண்டு வருஷம் எங்க வீட்டுல இருந்தியே, காலையில எதைத் தின்னுட்டுடா வேலைக்குப் போன? வீட்டுல இருந்த ஒரே கடிகாரம் நைட் ஷிப்டுக்கு உங்க மச்சான் கையோட போயிடும். சங்குதான் எனக்குக் கடிகாரம். என் வீட்டுப் புகையைப் பார்த்துத்தான் எதிர் வீட்டுக்காரி அரிசி களைவா. பொன்னுத்தாய் நேரம்னு பைப்படியில கேலி பண்ணுவாங்க, நீயும் அங்கதான் பல்லு வெளக்கிக்கிட்டு நின்ன. தொழிற்சாலை வந்த புதுசுன்னு எழுதுனியே, அது ஒண்ணுதான் உன் கற்பனை. நடந்தது எண்பதுல."

அக்கா சொல்லச் சொல்லப் பைப்படி, புகை, கையில் பல்பொடி எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். அந்தச் சோற்றைத் தின்றதும் நினைவில் இல்லை, வைத்தவள் யார் என்பதும் நினைவில் இல்லை, ஆனால் எழுதியது நான் என்பது மட்டும் இருபத்தொன்பது வருடம் கழித்தும் நினைவுக்கு வந்திருக்கிறது. எண் மாற்றிக் குத்தாமல் நானே வெட்டி எடுத்த துண்டு அது.

மேலே எழுதியவை அனைத்தையும் ரத்து செய்யவும். வாக்குமூலத்தைக் கிழித்துவிடவும். தபால் வேண்டாம், கலைமதியிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மூன்றாம் அத்தியாயத்தை மூன்றாம் தடவையாக எழுத ஐந்து நாள் இருக்கிறது, அத்தையிடம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்ய இப்போதே கிளம்பி நிற்கிறாள். செருப்பு மாட்டிக்கொண்டே, "அத்தைதான் முதல் ஆதாரம். நீங்க இரண்டாம் நிலைப்பா" என்றாள்.

மலர் கிடைத்தால் தாங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். முப்பத்தேழாம் பக்கத்தில் ம.வீ. என்று இருக்கும் இடத்துக்கு மேலே, அக்கா பெயரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள். நம்ப மாட்டாள் (ஆதாரம்: இந்தக் கடிதம், கடைசிப் பக்கம்).