கழுத்து நீங்கலாகச் சௌக்கியம்

தாராவி, பம்பாய்-17
12-3-1967

மரியாதைக்குரிய அக்கா மீனாட்சியம்மாள் அவர்களுக்கு, தம்பி பிச்சையா பணிந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் என் கழுத்து நீங்கலாக எல்லாம் சௌக்கியம். அவ்விடம் தங்கள் கழுத்து உட்பட சகலமும் சௌக்கியமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

போன வருஷம் அறுத்தெடுத்த தைராய்டு புற்று திரும்ப வந்துவிட்டது. என்னைத் தேடி வருவது அது ஒன்றுதான். டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். மறுபடி அறுக்கலாம், ஆனால் இந்தத் தடவை குரல் போனாலும் போகும். இல்லையென்றால் கதிர்வீசும் அயோடின் மருந்தைக் குடித்துவிட்டுத் தனி அறையில் சில நாள் கிடக்க வேண்டும், மனுஷர் யாரும் கிட்டே வரக்கூடாது. யோசித்துச் சொல் என்றார். யோசிக்கத் துணைக்கு ஆள் வேண்டாமா? தோல் ஷெட்டில் என்னோடு வேலை செய்யும் ஷேக் பரீதிடம் சொன்னேன். அவர் மனசு கேளாமல் என் பக்கத்து வீட்டுப் பேராச்சியிடம், "பாவம், தனியா வைக்கப் போறாங்களாம், யாரும் கிட்ட போவக் கூடாதாம்" என்றிருக்கிறார். தனியாக வைப்பது எதற்கு? அம்மைக்குத்தானே! சாயங்காலம் வந்து பார்த்தால் என் கதவில் வேப்பிலை. சந்து முழுக்கத் தாளிப்பு நிறுத்தம். "தாயி, எனக்கு ஒரு முத்துகூட இல்லியே" என்றேன். பேராச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சும்மா இரிங்க அண்ணாச்சி, ஆத்தா கோவிச்சுக்கிடுவா. கழுத்துல ஒத்த முத்தா போட்டிருக்கால்லா" என்று சொல்லி, கூழை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நான் மறுக்க மறுக்க ஆத்தாளுக்குக் கோபம் ஏறுகிறதென்று இன்னும் இரண்டு கொத்து கட்டுகிறார்கள். ஷெட்டுக்கும் வராதே என்றுவிட்டார்கள். மருந்து குடிக்காமலே தனி அறை கிடைத்துவிட்டது அக்கா. சுவரைப் பார்த்துப் பார்த்து அழுகைதான் வருகிறது. இது நமக்கு ஆகாது, கத்தியே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். குரல் போனால் போகட்டும், அதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் பேசப் போகிறேன்? நீ ரயிலேறி வந்து சிரமப்பட வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்கட்டும்.

தங்கள் தம்பி,
பிச்சையா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் பேராச்சி வந்து எனக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அறிவித்துவிட்டாள். அவ்வளவுதான், சந்தே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தொண்டை நோக நோகப் பேசினேன். எழுதியதை எல்லாம் மறந்துவிடு. குரல் எனக்கு வேண்டும், மருந்தே குடிக்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்த அறைக் கதவுக்கு வெளியே தள்ளி நின்று பேச ஓர் ஆளை விடுவார்களாம். இவர்களுக்கெல்லாம் பகலில் வேலை. நீ வா அக்கா. வந்து "ஏலே பிச்சையா"ன்னு கூப்பிடு. உள்ளேயிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன்.