அப்பாவுக்குப் படைத்த ஸ்காட்ச்

செத்துப்போன அப்பாவுக்கு ஸ்காட்ச் படைத்தே தீருவது என்று சோலைமுத்து முடிவு கட்டினார். தாகம் என்னவோ மகனுக்குத்தான்!

அது 2004. லண்டனில் இருக்கும் மாப்பிள்ளை விக்னேஷ்குமார் கொண்டுவந்த பாட்டில், திண்டுக்கல் வீட்டு அலமாரியில் சீல் உடையாமல் கிடந்தது. வீட்டுக்குள் குடிவாசம் அடித்தால் அடுத்த பஸ்ஸில் பாலசமுத்திரம், அம்மா வீடு. இது மனைவி ராமுத்தாயின் சட்டம். ஆனால் தெவசத்துப் படையலை யார் தடுப்பது? படைத்ததைக் கொட்டத்தான் முடியுமா?

"ஏனுங்க, மாமா சாராயந்தானே குடிப்பாரு?"

"இதுவும் காய்ச்சினதுதான் புள்ள, தானியத்துல. அறுபத்தி நாலுல பீப்பாயில ஊத்தி, நாப்பது வருசம் தூங்க வச்சது. அப்பா தென்னந்தோப்பு வச்ச வருசம்!"

"எந்தக் கம்பெனிங்க?"

"காய்ச்சினது ஒருத்தன். பீப்பாயோட வாங்கித் தன் பேரை ஒட்டினது ஒரு வியாபாரி. நம்ம ஒட்டன்சத்திரம் மண்டி மாதிரி."

"நாப்பது வருசமா! அப்ப மாமாவுக்கு முறையாத்தான் படைக்கோணும்."

சோலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

தெவசத்தன்று இலை போட்டு, டம்ளரில் ஊற்றினார். தேங்காயும் வெல்லமுமாக வாசம் எழும்பியது. அட, தோப்பு வாசம்! வேலை முடிந்ததும் மகனுக்கு இளநீர் சீவிக் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மடக்கு போடுவாரே அப்பா! சோலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று இருந்தால் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார். அவர் நினைவாக ஒரே ஒரு மடக்கு போட்டால் போதும்.

சூடம் அணையவில்லை, வாசலில் வேன் வந்து நின்றது. கீரனூர்ப் பங்காளிகள் மொத்தமாக இறங்கினார்கள்.

"யாரு புள்ள வரச்சொன்னது?"

"நாந்தானுங்க. படைச்சதைப் பங்காளிகளுக்குக் குடுக்காம நாமளே வச்சுக்கிட்டா ஊரு என்ன பேசும்?"

மூத்தவர்களுக்கு முதலில், தெவசம் கொடுத்தவருக்குக் கடைசியில். அதுதான் அவர்கள் வழக்கம். ஒருத்தர் சோடா கேட்டார். இன்னொருத்தர் ஆரஞ்சுக் கலரை ஊற்றிக் கலக்கினார். சோலைமுத்து குறுக்கே புகுந்தார்.

"மெதுவாக் குடிங்க சித்தப்பா, நாப்பது வருசத்துச் சரக்கு..."

"அதுக்குத்தான்டா அவசரம்! இம்புட்டுப் பழசு, கெட்டுப்போயிராது?" என்றார் சித்தப்பா கருப்பணன்.

சோலைமுத்துவின் முறை வந்தபோது பாட்டிலைக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை.

சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "அண்ணனுக்குப் பரம திருப்திப்பா. அடுத்த வருசமும் இதையே படைச்சிரு."

"படைச்சிருவாருங்க சின்ன மாமா," என்றாள் ராமுத்தாய். "நீங்கதான் ஒருத்தரு விடாம வந்துரோணும்."